படிக்குக் கீழே முளைக்கிற கொலு

கொலுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் படிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். மூன்று படியா, ஐந்தா, ஒன்பதா. மேல்படியில் கலசம், மரப்பாச்சி ஜோடி எந்தப் பக்கம், பருப்பும் அரிசியும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற செட்டியாரும் அவர் மனைவியும் எந்தப் படியில். புரட்டாசி வந்தால் பத்திரிகைகளில் ஓரறிவிலிருந்து மேலே மேலே ஏறிப்போகிற உயிர்களின் தத்துவமும் தவறாமல் வந்துவிடும். எல்லாம் சரிதான். ஆனால் படிக்குக் கீழே, தரையில், ஒரு பழைய தாம்பாளத்திலோ உடைந்த டிராயரிலோ மண்ணைக் கொட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகையும் கடுகையும் வெந்தயத்தையும் முளைக்கவிட்டு ஒன்று வைப்பார்களே, 'பார்க்' என்று? அதைப் பற்றி யாரும் உருப்படியாக நாலு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை. குழந்தைகள் வேலை, ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

என் கட்சி வேறு. கொலுவில் அந்த வீட்டுக்காரர்கள் சொந்தமாகச் செய்கிற கலை என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் அந்தத் தாம்பாளத்தில்தான் இருக்கிறது. படிகளில் இருப்பது பண்ருட்டியிலோ மதுரை விளாச்சேரியிலோ காஞ்சிபுரத்திலோ யாரோ அச்சில் அழுத்தி, சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்த பொம்மை. அந்தக் கை பெரிய கை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாங்கி வைத்தவர் அங்கே செய்தது அடுக்கி வைக்கிற வேலை. மரப்பாச்சிக்குப் பழைய புடவை ஓரத்தைக் கத்தரித்து உடுத்துவதும் ஜரிகையில் நகை செய்து போடுவதும் கைவேலைதான், மறுக்கவில்லை. அதற்கும் பார்க்குக்கும் ஒரு வித்தியாசம். உடுத்திய மரப்பாச்சி ஒன்பது நாளும் அப்படியே நிற்கும். பார்க் நிற்காது.

'கொலு' என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. அரசன் சபையில் வீற்றிருப்பதுதான் கொலு. அசையாமல் இருப்பதே அதன் அழகு. மேலே அசையாத ஒரு தர்பார், கீழே நாளுக்கு நாள் வளர்கிற ஒரு துண்டு மண். இரண்டையும் ஒரே அறையில் வைத்த அந்த யோசனை யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

செய்முறையைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மகாளய அமாவாசைக்கு முதல்நாள் ராத்திரி விதையை ஊறப்போடுவார்கள். வெந்தயம் ஒரே நாளில் வாய் திறக்கும். கடுகும் கேழ்வரகும் இரண்டு மூன்று நாளில் வரும். மூன்றும் மூன்று மாதிரி. கேழ்வரகு புல் ஜாதி, ஊசி ஊசியாகக் கிளம்பி, அடர்த்தியாகத் தூவியிருந்தால் நாற்றங்கால் மாதிரியே இருக்கும். கடுகு இரண்டு சின்ன இதயம் போன்ற இலையை விரித்துப் புதர் மாதிரி நிற்கும். வெந்தயம் தண்டு நீண்டு, மூன்று அங்குலப் பொம்மைக்குப் பக்கத்தில் தோப்பு மாதிரி உயரும். கடுகுக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் அதன் தோல் வழவழவென்று பசை விடும். அதனால்தான் செங்கல்லை ஈரத்துணியில் சுற்றி அதன்மேல் கடுகைத் தூவினால் சரிவிலும் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. கொலுவில் வருகிற பச்சை மலைகளின் ரகசியம் இவ்வளவுதான். வெந்தயத்துக்கும் இந்தப் பிசின் குணம் உண்டு. பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வார்களே, அங்கே கூழைப் பிடித்து நிறுத்துவது இதே பிசின்தான். நம் பாட்டிகளுக்கு வெந்தயம் ஒரே சமயத்தில் மருந்து, தாளிப்பு, பசை, மரம். (இதைத் தனிக் குறிப்பாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.)

முதல் நாள் வெறும் ஈர மண். மூன்றாம் நாள் புல்வெளி. ஐந்தாம் நாள் இடுப்பளவு பயிர். ஏழாம் நாள் காடு. அதற்கப்புறம் தண்ணீர் கூடிப் போனால் அடித்தண்டு அழுகிச் சாய ஆரம்பிக்கும், குறைந்தால் வாடும். பொம்மைகளோ வளர்வதில்லை. ஆக, பொம்மைக்கும் செடிக்கும் உள்ள அளவு ஒவ்வொரு நாளும் மாறுகிறது. மூன்றாம் நாள் பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தவர் ஏழாம் நாள் காட்டில் வழி தவறியவர் ஆகிவிடுகிறார். செய்கிறவர் ஏதாவது செய்தாக வேண்டும். நான் கலை என்று சொல்வது இந்த 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்கிற நெருக்கடியைத்தான்.

போன நவராத்திரியில் திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொலுப் போட்டி. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. வீடு வீடாகப் போய் மதிப்பெண் போடுகிற வேலை. அங்கே பார்த்த இரண்டையும், எங்கள் பக்கத்துத் தெருவில் போட்டிக்கே வராத ஒன்றையும் வைத்து மேலே சொன்னதைச் சோதித்துப் பார்க்கிறேன்.

முதல் பரிசு வாங்கிய கொலு கோயில் தீம். கோபுரம், தேர், பிரகாரம், வாத்தியக்காரர்கள், வரிசையாகப் பக்தர்கள். கீழே பச்சை பிளாஸ்டிக் புல் விரிப்பு, மோட்டார் வைத்த சின்ன நீரூற்று, உள்ளுக்குள் மறைத்து வைத்த மஞ்சள் விளக்குகள். நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். விளக்கை எங்கே வைப்பது என்பதில் நிஜமாகவே யோசனை இருந்தது. தேர் நிழல் சுவரில் பெரிதாக விழும்படி செய்திருந்தார்கள். ஆனால் அந்தக் கொலு முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிட்டது. பிறகு எட்டு நாளும் அந்த வீட்டுக்காரர் செய்தது சுவிட்சைப் போட்டது, அணைத்தது. முதல் நாள் வந்தவரும் ஒன்பதாம் நாள் வந்தவரும் பார்த்தது ஒரே கொலு. அந்தப் புல் விரிப்பு அடுத்த வருடம் மடித்த மடிப்போடு திரும்ப வரும்.

இரண்டாவது அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. பதினோரு வயசுப் பையன் கிரிக்கெட் மைதானம் வைத்திருந்தான். நடுவில் களிமண்ணைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிட்ச், சுற்றிக் கேழ்வரகுப் புல், தீக்குச்சி ஸ்டம்ப், சுண்ணாம்புக் கோடு. கிரிக்கெட் செட்டெல்லாம் கடையிலேயே விற்கிறார்கள், அதில் புதுமை இல்லை. நாங்கள் நாலாம் நாள் போனபோது புல் கொஞ்சம் நீண்டுவிட்டது, அவன் அம்மாவின் எம்ப்ராய்டரி கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தான். "டெய்லி வெட்டறேன் ஆன்ட்டி, டெய்லி வளருது" என்றான் சலிப்போடு. வளரத்தான் செய்யும். புல் ஜாதி அடியிலிருந்து வளர்வது, நுனியை வெட்டினால் அதற்குக் கவலையே இல்லை. வெந்தயத்தையோ கடுகையோ வெட்டியிருந்தால் மொட்டையாக நின்றிருக்கும். கேழ்வரகைத் தேர்ந்தெடுத்ததால் தப்பித்தான், மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

ஏழாம் நாள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வெட்டுவதை விட்டுவிட்டிருந்தான். ஃபீல்டர்கள் இடுப்புவரை புல்லில் மூழ்கி நின்றார்கள். பிட்ச் ஓரத்தில் ஓர் அட்டை: 'சிங்கம் புகுந்ததால் ஆட்டம் நிறுத்தம்'. மிருகக்காட்சி செட்டிலிருந்து இரண்டு சிங்கத்தைக் கொண்டுவந்து புல்லுக்குள் பாதி மறைத்து வைத்திருந்தான். ஒரு பேட்ஸ்மேன் படியேறி ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தான். நான் அந்த வருடம் பார்த்த கொலுக்களிலேயே நன்றாகச் சிரித்தது இதற்குத்தான். இந்த யோசனையை அவன் எந்தப் படத்தைப் பார்த்தும் எடுக்கவில்லை. புல் அவனை அங்கே தள்ளியது. 'ஐடியா எங்கேயிருந்து வருது?' என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு போனில் படம் தேடுகிறோம். இவனுக்கு அடங்காத ஒரு பிடி கேழ்வரகிலிருந்து வந்தது.

மூன்றாவது, பக்கத்துத் தெரு டீச்சர் மாமி. ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, கொலுவே மூன்று படிதான். கீழே உடைந்த மேஜை டிராயர் ஒன்று, அடியில் பிளாஸ்டிக் தாள், மேலே வண்டல் மண். முதல் நாள் அதில் ஈரச் சேறு மட்டும், நடுவில் ஏர் பூட்டிய பண்ருட்டி மாட்டு ஜோடி. டிராயரின் ஒரு பாதியில் மட்டும் கேழ்வரகை நெருக்கமாக விதைத்திருந்தார். நாலாம் நாள் அந்தப் பாதியிலிருந்து நாற்றைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, மறுபாதியில் இடைவெளிவிட்டு நட்டார். கேழ்வரகை வயலிலும் நாற்றுவிட்டு நடுவதுண்டு, அதனால் இது வெறும் பாவனையும் இல்லை. குனிந்து நிற்கிற பெண் பொம்மைகளை நட்ட வரிசைக்குப் பின்னால் வைத்தார், நட்டுக்கொண்டே பின்வாங்குகிற மாதிரி. ஆறாம் நாள் நட்டதில் பாதி நிமிர்ந்தது, பாதி வாடிப் படுத்தது. வாடியதை எடுக்கவில்லை. "எடுத்துடலாமே மாமி, பார்க்க நல்லா இருக்கும்" என்றாள் கூட வந்த பெண். "எல்லா நாத்தும் பிடிச்சா அது பொம்மை வயல்டி" என்றார்.

ஒன்பதாம் நாள் அறுப்பு. அரிவாள் பிடித்த பொம்மை ஒன்று, நகவெட்டியோடு வந்த சின்னக் கத்தரியால் நிஜமாக அறுத்த பச்சைத் தாள், தீக்குச்சி கனத்துக்குக் கட்டிய கட்டுகள். ஏர் பூட்டிய மாட்டுக்கு முன்னாலேயே அதைப் போட்டிருந்தார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் 'இன்று நாற்று நடவு', 'இன்று களையெடுப்பு' என்று அட்டையில் எழுதி ஓரத்தில் குத்தியிருந்தார், பள்ளிக்கூடப் பழக்கம். பார்த்தாலே தெரிகிறதைப் படிக்க வைப்பது எரிச்சலாக இருந்தது. பையனின் அட்டை கதையைத் தள்ளியது, இவருடைய அட்டை கதைக்கு உரை எழுதியது. வாய்க்காலுக்கு நீல செலஃபேன் தாளும் பொருந்தவில்லை, அவ்வளவு நிஜ மண்ணுக்கும் நிஜப் பச்சைக்கும் நடுவில் அது மிட்டாய் மாதிரி மின்னியது. ஆனால் ஒன்பது நாளையும் ஒரு போகமாகச் சுருக்கி, தினமும் தொடர வேண்டிய கதையாக்கிய அந்த அமைப்பு, முதல் பரிசுக் கொலுவில் மருந்துக்கும் இல்லாத ஒன்று.

இனி அந்த மதிப்பெண் தாளுக்கு வருவோம். தீம், தூய்மை, பாரம்பரியம், பொம்மைகளின் எண்ணிக்கை, அலங்காரம். ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து. பார்க்குக்குக் கட்டம் கிடையாது. அதைவிட முக்கியமான சங்கதி, நடுவர்கள் ஒரே ஒரு நாள், நாலாம் நாள் சாயங்காலம்தான் போகிறோம். நாலாம் நாள் பார்க் என்பது அங்கங்கே மண் தெரிகிற, திட்டுத்திட்டான, பாதி முளைத்த ஒரு சமாசாரம். 'தூய்மை'யில் அடிவாங்கத்தான் செய்யும். ஒருநாள் பார்வைக்கும் ஒரு புகைப்படத்துக்கும் ஏற்றபடி கொலு மாறினால் அதில் என்ன ஆச்சரியம்? பையனுக்கு 'அலங்காரம்' கட்டத்தில் நான் போட்ட எட்டு, மற்ற இருவர் போட்ட நாலோடு சேர்ந்து கரைந்துபோனது. கட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். போன வருடமும் இதே தாள்தானே என்றார்கள்.

சரி, இது ஏதோ ஒரு குடியிருப்பின் சின்னச் சண்டை என்று நினைக்கலாம். இந்தச் சண்டைக்கு வயசு இரண்டாயிரத்து நானூறு ஆண்டு.

பழைய ஏதென்ஸில் அடோனிஸ் என்ற இளம் தெய்வத்துக்காகப் பெண்கள் ஒரு விழா எடுத்தார்கள். உடைந்த பானைகளில் கீரை, சோம்பு போன்ற சீக்கிரம் முளைக்கிற விதைகளைப் போட்டு, ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றுவார்கள். வெயிலில் மளமளவென்று முளைத்து, அதே வேகத்தில் வாடும். பிறகு அடோனிஸுக்காக ஒப்பாரி வைத்து, கடலிலோ சுனையிலோ போட்டுவிடுவார்கள். பிளேட்டோ தன் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் இதை ஓர் உவமையாக எடுக்கிறார். புத்தியுள்ள குடியானவன், தான் அருமையாகக் கருதுகிற விதையைக் கோடையில் அடோனிஸ் தோட்டத்தில் போட்டு, எட்டு நாளில் அழகாக வந்துவிட்டதென்று மகிழ்வானா? அதெல்லாம் விளையாட்டுக்கு, பண்டிகைக்கு. நிஜமான விதையை ஏற்ற நிலத்தில் போட்டு எட்டு மாதம் காத்திருப்பான். சாக்ரடீஸ் வாயால் இப்படிச் சொல்லவைத்து, எழுத்து என்பதும் அந்த எட்டு நாள் தோட்டம் போன்ற விளையாட்டுத்தான் என்று முடிச்சுப் போடுகிறார். எழுத்தைப் பற்றிய இந்தக் குறையையும் அவர் எழுத்தில்தான் வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

எட்டு நாளில் முளைப்பது விளையாட்டு, எட்டு மாதத்தில் விளைவது காரியம். இந்தப் பிரிவினை பின்னால் வந்த படிப்பாளிகளிடமும் அப்படியே தங்கிவிட்டது. ஃப்ரேசர் 'பொற்கிளை'யில் இந்தத் தோட்டங்களை இந்தியாவிலிருந்தும் சார்டீனியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் சேகரித்து, எல்லாமே பயிர் வளரச் செய்கிற மந்திரச் சடங்கு என்றார். 1972இல் மார்செல் டெட்டியேன் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, இது விவசாயத்துக்கு நேர் எதிரான மலட்டுத் தோட்டம் என்று காட்டினார். 1990இல் ஜான் விங்க்லர்தான் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டார்: இதைச் செய்த பெண்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? விறுவிறுவென்று எழுந்து உடனே வாடிப்போகிற அந்த முளைகளைப் பார்த்து, ஆண்களை நினைத்து அவர்கள் சிரித்திருக்கலாம் என்பது அவர் வாசிப்பு. அது சரியோ தவறோ, மாடியில் சிரிப்புச் சத்தம் இருந்திருக்கும் என்று ஒருத்தராவது யோசித்தாரே என்று எனக்கு நிம்மதி.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்டால், என் அம்மா வீட்டில் கொலு கிடையாது. அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம், எங்களுக்கு முளைப்பாரிதான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் முளைப்பாரி ஓட்டில் வைக்கோல், எரு, கரம்பை மண் போட்டு, பயறு தானியமெல்லாம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளுத்து, மஞ்சளாக, நெடுநெடுவென்று உயரும். ராத்திரி அதைச் சுற்றிக் கும்மி. கடைசி நாள் தலையில் வைத்து ஊர்வலம் போய்த் தண்ணீரில் கரைப்பது. சிசிலிப் பெண்களும் புனித வெள்ளிக்காகத் தட்டில் கோதுமையும் கேனரி விதையும் போட்டு இருட்டில்தான் வளர்ப்பார்கள் என்று ஃப்ரேசரில் படித்தபோது, நம்ம ஊர் முளைப்பாரி வீடு கண்முன் வந்துவிட்டது.

கல்யாணமாகித் திருச்சி வந்த புதிதில் கொலு பார்க்கப் போன ஒரு வீட்டில், பார்க்கைப் பார்த்து "எங்க ஊர் முளைப்பாரி மாதிரி இருக்கு" என்றேன். "ஐயோ, அது கிராமத்துச் சாமி விஷயம்மா, இது சும்மா டெகரேஷன்" என்று பதில் வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பக்கமும் நஷ்டம். முளைப்பாரி சடங்கு, நாட்டார் வழக்காறு, வளமை வழிபாடு என்று ஆய்வேடுகளுக்குள் போய்விடுகிறது. எந்த ஓட்டில் எந்தத் தானியத்தை எந்த வரிசையில் போட்டால் கூம்பாக ஏறும் என்று என் பெரியம்மா மண்டையைக் குடைந்துகொண்ட கலை அங்கே பதிவாவதில்லை. பார்க்கோ அலங்காரம், குழந்தை விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறது. முளைவிடுகிற தானியத்தை நல்ல காரியத்தில் வைக்கிற பழக்கம் அதற்குள்ளும் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலேயே பெண்கள் முளைப்பாலிகை ஏந்தி வருகிறார்கள். இன்றைக்கும் பல கல்யாணங்களில் பாலிகை தெளிக்கிறார்கள். கோயில் திருவிழாக்களுக்கு முன்னால் அங்குரார்ப்பணம் என்று அதே விதை விதைக்கிற வேலை. வடக்கே நவராத்திரிக் கலசத்தடியில் பார்லி முளைக்கவிடுகிறார்கள். இதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் வம்சாவளி போடப் போவதில்லை. 'பார்க்' என்கிற பெயரே இங்கிலீஷ், அது நகரத்துப் பிள்ளை. ஆனால் ஒரே விதையை ஒரு வீட்டில் வைத்தால் சடங்கு, இன்னொரு வீட்டில் வைத்தால் அலங்காரம், இரண்டிலும் கலை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்றால், அந்த ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

பிளாஸ்டிக் புல்லுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஃபிளாட்டில் வெளிச்சம் இல்லை. தண்ணீர் கசிந்து டைல்ஸ் கறையாகும். ஈரமண்ணில் கொசு. ஒன்பது நாளும் சுண்டல், வருகிறவர்களுக்கு உபசாரம், ஆபீஸ், இதற்கு நடுவில் செடிக்கும் தண்ணீர் தெளிக்க வேண்டுமா? நியாயம்தான், அதுவும் அந்தச் சுண்டலும் உபசாரமும் யார் தலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும். அதனால் பெரிய டிராயர் எல்லாம் வேண்டாம். ஒரு கொட்டாங்கச்சி போதும். அதில் ஒரு கைப்பிடி மண், ஒரு ஸ்பூன் வெந்தயம், பக்கத்தில் ஒரு பொம்மை. ஐந்தாம் நாள் அந்தப் பொம்மை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொல்ல வேண்டிவரும். சமைக்காதவர் யாராவது சொன்னால் இன்னும் நல்லது.

இருட்டு மூலையும் ஒரு பிரச்சினையே இல்லை, அதுவே வடிவம் தரும். ஜன்னல் ஒரு பக்கம் இருந்தால் முளை முழுக்க அந்தப் பக்கம் சாயும். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சாய்வைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேனரிப் புல் முளையின் நுனிக்குத் தொப்பி மாட்டினால் சாயவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடியை மூடினாலும் சாய்ந்தது. வெளிச்சம் எங்கே என்று அறிவது நுனி, வளைவது கீழே. (சிசிலிக்காரிகள் தட்டில் போட்டதும் அதே கேனரி விதைதான், எனக்கு இந்த மாதிரி தற்செயல்கள் பிடிக்கும்.) டீச்சர் மாமி டிராயரைத் தினமும் அரைச்சுற்றுத் திருப்பி வைத்து நேராக வளர்த்தார். பையனுக்கு அது தெரியாது, அவனுடைய புல் பால்கனிப் பக்கம் சாய்ந்தே நின்றது. காற்று வீசுகிற மைதானம் மாதிரி அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது பழைய கொலுப் புகைப்படங்களைச் சேகரிப்பது. இதுவரை தெரிந்தவர்களிடமிருந்து பதினேழு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் காமிரா படியைத்தான் பார்க்கிறது, பார்க் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு விழுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதியே நிறையச் சொல்கிறது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் பட்டுப்பாவாடைச் சிறுமி ஒருத்தி படிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பின்பக்கம் வருஷமோ பெயரோ எதுவும் எழுதவில்லை. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தாம்பாளத்தின் ஓரம், அதில் பொம்மையின் தோள் உயரத்துக்கு வெந்தயம், எல்லாம் இடது பக்கம் சாய்ந்து. ஜன்னல் அந்தப் பக்கம். படம் எடுத்தது ஐந்தாம் நாளுக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. சிறுமியின் வலது கை விரல் நுனிகளில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மருதாணியா, மண்ணா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஓரத்தில் விழுந்த பார்க் இருந்தால் அனுப்புங்கள். படிகளை நீங்களே வெட்டிவிட்டாலும் பரவாயில்லை.